மீமுரேயா, டெவில்ஸ் ஸ்டெயார்கேஸா? ஐந்து ஜீப்புக்கு ஒரு மலைப்பாதை

கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்து வீட்டார் சேர்ந்து புறப்படுகிறோம். இரண்டு பழைய டிஃபெண்டர், ஒரு பஜேரோ, ஒரு ஹைலக்ஸ், ஒரு ஜிம்னி. நவம் போயா (மாசிப் பௌர்ணமி) விடுமுறையை ஒட்டி இரண்டு இரவு மலையில் தங்குவதென்று முடிவாயிற்று. எங்கே என்பதில்தான் இழுபறி. பாதிப் பேர் நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே என்கிறார்கள். மற்றவர்கள் களுபஹனவிலிருந்து ஒஹியவுக்கு ஏறும் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்கிறார்கள். இரண்டிலும் ஓடியிருக்கிறேன், அதனால் என் கருத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

ரிவஸ்டன் என்றும் ஒரு குரல் வந்தது. அந்தக் காற்றுக்காகவும் பிட்டவல பத்தனைப் புல்வெளிக்காகவும் கட்டாயம் போகலாம். ஆனால் அது தார் வீதி, ஃபோர் வீல் போடும் வேலையே இல்லை. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா; அங்கே வீதியை விட்டுச் சில்லு இறங்கவே கூடாது. மிஞ்சுவது இரண்டுதான்.

மீமுரேக்குக் கண்டி, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய போய், அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போக வேண்டும். கோர்பட்ஸ் கேப் என்ற கணவாயில் வண்டியை நிறுத்தினால் கீழே பள்ளத்தாக்கும் எதிரே கூர்முனையாய் லக்கேகல மலையும் தெரியும். பிள்ளைகள் ஹீன் கங்கையில் குளிக்கலாம். ஊர் வீடுகளிலேயே தங்க இடமும் விறகடுப்புச் சோறும் கிடைக்கும். ஓட்டம் என்று பார்த்தால், பாதையின் பல பகுதிகள் இப்போது கொங்கிரீட். மழையில்லாத நாளில் வேனும் முச்சக்கரவண்டியும் போய் வருகின்றன. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியாது. லோ கியரில் (செங்குத்தில் மெதுவாகவும் பலமாகவும் ஓட்டும் ஃபோர் வீல் கியரில்) ஓட்டப் பழக வேண்டும் என்று ஆறு மாதமாகக் காத்திருக்கும் இரண்டு பேருக்கு இது போதாது. காட்டுக்குள் பக்கப் பாதை தேடலாம் என்று ஒருவர் சொன்னார்; அந்தப் பேச்சே வேண்டாம். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம், 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி.

டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் வேறு மாதிரி. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டிக் களுபஹன சந்தியில் திரும்பினால் ஏறக்குறைய ஐந்தாவது கிலோமீற்றரில் பம்பரகந்த, 263 மீற்றர், இலங்கையின் மிக உயர்ந்த அருவி. மாசியில் தண்ணீர் மெலிந்துதான் இருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் பாதை தன் குணத்தைக் காட்டும். கொண்டை ஊசி வளைவுகள், பெயர்ந்த கல், மழைநீர் அறுத்த வாய்க்கால்கள், பிறகு உடவேரியத் தேயிலை, கடைசியில் சுமார் 1770 மீற்றர் உயரத்தில் ஒஹிய புகையிரத நிலையம். வளைவுகளில் எதிரே ஒரு லொறி வந்தால் ஒதுங்க இடமில்லை. யாராவது பின்னால் எடுத்தே ஆக வேண்டும். ஐந்து வண்டிக்கு மேல் இங்கே கொண்டுபோகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

இந்தப் பாதையில் எந்தப் பக்கமாகப் போவது என்பதுதான் பெரிய கேள்வி. பலர் அப்புத்தளைப் பக்கம் இரவு தங்கி, ஒஹியவிலிருந்து காலையில் இறங்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். மூன்றாவதாக வந்த வண்டிக்காரர் லோ கியர் போடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் பிரேக் சூடேறி, மிதித்தால் பிடிக்கவில்லை. உட்பக்க மண்மேட்டில் ஒட்டவைத்து நிறுத்தியதால் எல்லோரும் வீடு வந்தோம். அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆகவே ஏற்றம்தான். ஏறும்போது சில்லு சுழன்றால் வண்டி தானாகவே நிற்கும். ரிவர்ஸில் லோ கியரைப் போட்டு வந்த தடத்திலேயே நேராகப் பின்வாங்கி, மறுபடி முயலலாம். இறக்கத்தில் தவறினால் இரண்டாம் வாய்ப்பு கிடைக்குமென்று சொல்ல முடியாது.

டயர் காற்றை 22 psiக்கு இறக்கச் சொல்லும் நண்பருக்கு ஒரு வார்த்தை. சேற்றுக்கு அது சரி. இங்கே கூர்க்கல் அதிகம், காற்று மிகக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் கிழியும். 26 போதும். தார் ஏறியதும் நிரப்ப கொம்பிரஸர் ஒன்று கட்டாயம். சிக்கிய வண்டியை இழுக்கும் பட்டியை ஒருபோதும் டோ போலில் (டிரெயிலர் கொளுவும் பின்குமிழில்) மாட்டாதீர்கள். அந்தக் குமிழ் முறிந்தால் துப்பாக்கிக் குண்டாய்ப் பறக்கும். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் நம் டிஃபெண்டர்கள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே ஓடியவை. புறப்பட ஒரு கிழமைக்கு முன்பே கராஜில் பிரேக் ஹோஸும் ரேடியேட்டரும் பார்த்தாக வேண்டும்.

சாகசம் என்று பேசும்போது நாம் மறப்பது ஒன்று: அது தோட்டத்து மக்களின் வீதி. கொழுந்து லொறி போவதும், காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும், பிள்ளைகள் பள்ளிக்கு நடப்பதும் அதில்தான். ஈரத்தில் சில்லைச் சுழற்றி நாம் தோண்டும் குழி அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். லயன்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். நிறுத்தி, வணக்கம் சொல்லி, மேலே பாதை எப்படி என்று கேட்டால் எந்த மேப்பும் சொல்லாததைச் சொல்வார்கள். இந்தப் பாதை இருக்கும் ஹல்துமுல்லைப் பிரதேசத்தில்தான் 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டின் வீதிகளை எவ்வளவு பெயர்த்தது என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே போவதற்கு முந்திய கிழமை உள்ளூரில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்காமல் புறப்படக் கூடாது.

என் வாக்கு டெவில்ஸ் ஸ்டெயார்கேஸுக்கு, ஏற்றமாக, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் களுபஹனவில் தொடங்கி. பெற்றோலும் டீசலும் பலாங்கொடையிலேயே நிரப்பிவிடலாம். சின்னப் பிள்ளைகளும் அம்மம்மாவும் ரயிலில் ஒஹியவுக்கு வந்து சேரட்டும். அந்தப் பயணத்தை அவர்கள் நம்மைவிட நன்றாக அனுபவிப்பார்கள். வெள்ளி மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் இந்தத் திட்டம் ரத்து. கண்டி மாவட்டத்துக்கு எச்சரிக்கை இல்லையென்றால் மட்டும் மீமுரே. இரண்டுக்கும் இருந்தால் வெள்ளவத்தையிலேயே இருப்போம்.

வரிசை: முன்னால் என் டிஃபெண்டர், அதை ஒட்டி முதல்முறை வரும் ஜிம்னி, பிறகு பஜேரோ, ஹைலக்ஸ், கடைசியில் மற்ற டிஃபெண்டர், கயிறும் முதலுதவிப் பெட்டியும் அதில்.