காரைக்குடியில் கிடைக்கும் மோர்ஸ் பயிற்சிப் பெட்டி: வாங்கலாமா?

மோர்ஸ் என்பது எழுத்துகளைப் புள்ளி (குறுகிய ஒலி), கோடு (நீண்ட ஒலி) ஆக்கி அனுப்பும் தந்தி முறை. பெட்டியில் இருப்பவை: தட்டி ஒலியெழுப்பும் பித்தளைக் கீ, பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. கீ அருமை. தொடுமுனை இடைவெளியை ஒரு போஸ்ட்கார்டு கனத்துக்குத் திருகி வைத்தால் மணிக்கட்டு வலிக்காது. வழவழப்பான ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்து அடித்தால் நகரும்; அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டுங்கள்.

கூடவே தரும் புள்ளி-கோடு அட்டைதான் பெரிய கெடுதல். அதைப் பார்த்துப் படித்தால் மனம் புள்ளி, கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கத் தொடங்கிவிடும், வேகம் கூடியதும் முட்டி நிற்கும். உள்ளே வைத்துவிடுங்கள். பெட்டி தானாக எழுத்தை ஒலிக்காது, அதற்கு மோர்ஸைக் காதால் கேட்டுப் பழக எல்.சி.டபிள்யூ.ஓ. (LCWO) இணையதளம் இருக்கிறது, இலவசம். முதலில் ஆங்கில எழுத்துகள் கே (டா-டி-டா), எம் (டா-டா) மட்டும் போதும்; 'டி' புள்ளி, 'டா' கோடு. எழுத்து நிமிடத்துக்கு 20 சொல் வேகத்திலேயே ஒலிக்கட்டும்: 'டி' 60 மில்லிசெகண்ட், 'டா' 180. எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நீட்டுங்கள். கேட்ட எழுத்துகளில் 100க்கு 90 சரியாக வந்தால் அடுத்த எழுத்து. காது பழகிய பிறகே கீயைத் தொடுங்கள்.