கேஸ் சிலிண்டரும் மாடித் தொட்டியும்: மின்சாரக் காரின் இரண்டு பேட்டரிகள்

போன மாதம் மதுரையிலிருந்து மைத்துனன் போன் செய்தான். மின்சாரக் கார் வாங்கப் போகிறான், இரண்டு வண்டிகளில் எது என்று முடிவாகவில்லை. "மாமா, ஷோரூம்ல கேட்டா ரெண்டுமே லித்தியம் அயான்தான், ஒரே சரக்குதான்னு சொல்றாங்க" என்றான். பெட்ரோலும் டீசலும் எண்ணெய்தானே என்று பங்க்கில் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

நம் ஊரில் ஓடும் மின்சாரக் கார்களில் இரண்டு கட்சிகள் உண்டு. டாடாவின் நெக்ஸான், எம்ஜியின் விண்ட்சர், மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ எல்லாம் எல்.எஃப்.பி கட்சி. லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது. ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக், ஐயானிக் 5, மஹிந்திராவின் எக்ஸ்யூவி 400 என்.எம்.சி கட்சி. இதில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பங்காளிகள் இருவருக்கும் தாத்தா ஒருவரே. என்.எம்.சிக்கு மூதாதையான கோபால்ட் ஆக்சைடு மின்முனை 1980-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவிடமிருந்து வந்தது. இரும்பு பாஸ்பேட் 1990-களில் டெக்சாஸில் அதே மனிதரின் ஆய்வகத்தில் பிறந்தது. 2019-ல் நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு வயது 97.

முதலில் எடை. ஒரு கிலோ எல்.எஃப்.பி செல்லில் சுமார் 170 வாட்-அவர் மின்சாரம் அடங்கும், என்.எம்.சியில் சுமார் 250. 50 கிலோவாட்-அவர் பேட்டரி செய்ய வேண்டுமென்றால் செல்கள் மட்டுமே முன்னதில் 300 கிலோ, பின்னதில் 200 கிலோ. பின் சீட்டில் எப்போதும் ஒல்லியான இருவர் உட்கார்ந்து வருகிற மாதிரி. ஆனால் முழுப் பேட்டரிப் பெட்டியாகப் பார்த்தால் இந்த இடைவெளி சுருங்குகிறது. எல்.எஃப்.பி கொஞ்சம் சாதுவான சரக்கு என்பதால் செல்களை நடுவில் தனித்தனி டப்பாக்கள் இல்லாமல் நேரடியாக அடுக்க முடிகிறது. சீன நிறுவனமான பிஒய்டி 2020-ல் கொண்டுவந்த பிளேடு செல் அப்படித்தான்: கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்தில் பட்டைப் பட்டையாக இருக்கும். பிஇ 6-க்குள் இருப்பதும் அதுதான். விலையிலும் எல்.எஃப்.பி மலிவு. நிக்கலும் கோபால்ட்டும் இல்லையே.

இதுவரை சொன்னதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கும். எனக்குச் சுவாரசியமானது மின்னழுத்தம்.

என்னிடம் இருப்பது எல்.எஃப்.பி கார். வாங்கிய புதிதில், போனுக்குச் சொல்வதைப் போல "80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதே" என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒரு ஞாயிறு இரவு திருச்சியிலிருந்து சென்னை திரும்பும்போது, மேல்மருவத்தூர் தாண்டியதும் 14 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த மீட்டர் சட்டென்று 5-க்கு இறங்கியது. ஏசியை அணைத்துவிட்டு, லாரிகளுக்குப் பின்னால் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செங்கல்பட்டில் ஒரு சார்ஜரைப் பிடித்தோம். வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்: "ஏங்க, இது நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரில்ல இருக்கு! நல்லா எரிஞ்சுட்டே இருந்து பொசுக்குன்னு நிக்குது."

இதைவிடச் சரியாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது. சிலிண்டருக்குள் திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை அழுத்தம் மாறாது. அடுப்பின் தீயைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. எல்.எஃப்.பி செல்லும் அப்படியே. 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட் அளவுக்குத்தான் குறையும். 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். என்.எம்.சி மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மட்டம் இறங்க இறங்கக் குழாயில் அழுத்தமும் குறையும். 80-லிருந்து 20-க்கு வருவதற்குள் என்.எம்.சி செல்லின் மின்னழுத்தம் அரை வோல்ட் அளவுக்குச் சரியும், அதைவைத்தே மிச்சத்தைக் கணிக்கலாம்.

அப்படியானால் எல்.எஃப்.பி காரின் கணினி என்ன செய்கிறது? நம் வீட்டில் செய்வதைத்தான். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவோமே, அதுபோல உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணுவதில் சிறு பிழைகள் சேரும். முழுதாக 100 தொடும்போதுதான் மின்னழுத்தம் சட்டென்று ஏறும், அதைப் பார்த்து "சரி, புது சிலிண்டர்" என்று கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும். நான் இரண்டு மாதம் அதற்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. தப்பு வண்டியுடையது அல்ல. இப்போது சனிக்கிழமை இரவு தவறாமல் 100 வரை போடுகிறேன். மறுநாள் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே அனுப்பும் ரீஜென் இருக்காது. நிரம்பிய பேட்டரியில் திருப்பி ஊற்ற இடம் ஏது? பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்கப் பழக வேண்டும்.

ஆயுள் விஷயத்தில் எல்.எஃப்.பி ரசிகர்கள் அடிக்கும் தம்பட்டம் எனக்குக் கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது. 3000 முறை சார்ஜ் தாங்கும், என்.எம்.சி 1000-தான் என்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு சார்ஜுக்கு 300 கிலோமீட்டர் என்றால் 1000 சுற்று என்பது 3 லட்சம் கிலோமீட்டர். வருடம் 12,000 ஓட்டுகிற வீட்டுக்கு 40 சுற்றுதான் ஆகும். டாக்ஸி ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் சோறு போடும். நமக்கு அப்படியில்லை. நம் பேட்டரியை முதுமையாக்குவது கிலோமீட்டரைவிட வெயிலும் காலமும்தான், அதிலும் நிரம்பிய நிலையில் வெயிலில் நிற்பது. மே மாதம் மரநிழல் இல்லாத தெருவில் 100 சதவீதத்தோடு நாள்கணக்கில் நிற்க இரண்டுமே விரும்பாது, என்.எம்.சிக்கு அது இன்னும் ஆகாது.

தீ பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். என்.எம்.சி அளவுக்கு மீறிச் சூடானால் அதன் ஆக்சைடு தானே ஆக்சிஜனை விட்டுவிடும். எரிபொருளும் உள்ளேயே, காற்றும் உள்ளேயே. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு எளிதில் வராது. அதனால் எல்.எஃப்.பி எரியவே எரியாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். கெட்டுப்போன செல் கக்கும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு, மூடிய அறைக்குள் அது சேர்வது நல்லதல்ல. ஒப்பீட்டில் பாதுகாப்பானது, அவ்வளவே. வீட்டு இன்வெர்ட்டருக்கு லித்தியம் போடுவதாக இருந்தால் மட்டும் நான் யோசிக்கவே மாட்டேன், எல்.எஃப்.பிதான். மூலையில் கிடக்கும் பெட்டிக்கு எடையைப் பற்றி என்ன கவலை?

கையில் தூக்கும் சாமான் என்றால் கதை தலைகீழ். போனில் எல்.எஃப்.பி வைத்தால் செங்கல்லைப் பையில் வைத்த மாதிரி இருக்கும். அங்கே இன்னும் கோபால்ட் ஆக்சைடு ராஜ்ஜியம்தான். ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரில் என்.எம்.சி இருப்பதற்கும் இதுவே காரணம்: காலடியில் இருக்கிற இடமே அவ்வளவுதான்.

எந்தக் காரில் எது என்று தெரிய எளிய வழி ஒன்று உண்டு. வண்டியின் கையேட்டைக் கேட்டு வாங்கி சார்ஜ் பக்கத்தைப் பாருங்கள். வாரம் ஒருமுறை முழுதாகப் போடச் சொன்னால் பெரும்பாலும் எல்.எஃப்.பி. தினசரிக்கு 80 போதும் என்றால் பெரும்பாலும் என்.எம்.சி.

மைத்துனன் தெருவில்தான் வண்டியை நிறுத்துவான், மதுரை வெயில் வேறு. எல்.எஃப்.பி வாங்கு என்று ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு என்.எம்.சி காரைத்தான் எடுத்தான். அதன் பின் சீட்டில்தான் என் மாமியாருக்கு முழங்கால் இடிக்கவில்லையாம். வருடத்துக்கு 40 சுற்றுக்கு நான் என்ன சண்டை போடுவது? டெலிவரி அன்று போய், சார்ஜ் வரம்பை 80-ல் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.