ரியூசன் கொட்டகைக்கு பீஎல்டிசி ஃபான்: வாங்கலாமா?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ரியூசன் நடத்துகிறேன். தகரக் கூரை, மூன்று அறை, பன்னிரண்டு ஃபான். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியபோதே இவற்றை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். பிறகு கட்டணம் குறைந்தாலும் அந்த எண்ணம் போகவில்லை. இப்போது எல்லாம் பீஎல்டிசி, அதாவது கரண்ட் குறைவாக எடுக்கும் காந்த மோட்டர் ஃபான்.

கணக்கு இதுதான். பழைய ஃபான் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும், இது 30 வாட் அளவில். பன்னிரண்டும் நாளுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் 26 நாள் ஓடினால் 112 அலகு மிச்சம். சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அங்கே கரண்ட் வீணாகச் சூடாகிப் போவதில்லை. ஓடிய ஃபானை நிறுத்திவிட்டு நடுக்கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். பழையது கை வைக்கச் சுடும், இது சும்மா இருக்கும்.

காற்று எப்படி? சித்திரை மத்தியானம் கடைசி வாங்கில் போய் இருந்து பார்த்தேன், குறையே இல்லை. சத்தம் குறைந்ததால் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு என் குரல் தெளிவாகக் கேட்கிறது. கரண்ட் நின்றால் இன்வேட்டர் பற்றரி முன்னையைவிட நிறைய நேரம் தாங்குகிறது.

இரண்டு விடயத்தில் கவனம். சுவரில் உள்ள பழைய ரெகுலேற்றரைக் கட்டாயம் கழற்றிவிடச் சொல்லுங்கள், அது இடையில் இருந்தால் உள்ளே உள்ள சேர்க்கிட் பழுதாகலாம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல். எனக்கு ஒரு ஃபானின் சேர்க்கிட் போய்விட்டது. வாங்கிய கடை உத்தரவாதத்துக்கு இழுத்தடித்தது. நல்ல எர்த்தும் சேர்ஜ் புரொடெக்ரரும் அவசியம்.

விலைதான் பெரிய தடை. சாதாரண ஃபானைவிட இரண்டு மடங்குக்கு மேல். கனடாவில், ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு இந்தக் கவலை குறைவு. அவர் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ‘சேவ் ஒன் எனர்ஜி’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. வியாபார இடங்களில் லைற், மோட்டர், ஏசி போன்றவற்றை மின்சாரம் குறைவாக எடுப்பவையாக மாற்றினால் செலவில் ஒரு பகுதி திரும்ப வரும். முதலில் விண்ணப்பித்து அனுமதி எடுத்த பிறகே சாமான் வாங்க வேண்டும். ஒரு யூனிற்றைப் புதிதாக உற்பத்தி செய்வதைவிட மிச்சம் பிடிப்பது மலிவு என்பதால்தான் கொடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கு இங்கேயும் சரிவரும். எங்கள் மாலை வகுப்பு நடப்பதே நாடு முழுக்கக் கரண்ட் அதிகம் இழுக்கும் 6.30 மணிக்குப் பிறகுதான். அந்நேரம்தான் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். என் கொட்டகையில் மிச்சமாகும் அரைக் கிலோவாட் எனக்குத் தரும் இலாபத்தைவிட மின்சார சபைக்குத் தரும் இலாபம் அதிகம். ஃபான் விலையில் கால்வாசியைப் பில்லில் கழித்தாலே இந்தப் பக்கத்து ரியூட்டரிகள் எல்லாம் மாறிவிடும். வணிகர் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை, மொத்தமாக வாங்க முடியாதவர்கள் மாலை வகுப்பு அறைகளை முதலில் மாற்றுங்கள். சனி, ஞாயிறு மட்டும் திறக்கும் மண்டபத்துக்குப் பழைய ஃபானே போதும்.