சீல் பிரிக்காத அரிய இசைத்தட்டு வாங்குவோர் கவனத்துக்கு: 1,28,000 ரூபாய் போயிற்று

உயர்ரக ஒலிக் கருவிகளும் சேகரிப்பாளர்கள் தேடும் இசைத்தட்டுகளும் மட்டுமே விற்பனையாகும் ஓர் இணையச் சந்தையில், ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்ற முத்திரை பெற்ற ஒருவரிடம் ஏழு வினைல் தட்டுகளை வாங்கி 1,28,000 ரூபாயை இழந்து நிற்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. இந்த வாரம் நடந்தது இது. அந்த மனிதர் இன்றைக்கும் அதே தளத்தில் அதே முத்திரையோடு புதிய தட்டுகளை விற்பனைக்கு வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வாங்கியவை, ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய ஜாஸ் பதிவுகளை மியூசிக் மேட்டர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் மறுவெளியீடு செய்த, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டுகள். மூல ஒலிப்பதிவு நாடாவான மாஸ்டர் டேப்பிலிருந்து கெவின் கிரே என்னும் ஒலிப்பொறியாளர் லேக்கர் வெட்டிய, அதாவது அச்சுக்கான மூலத் தட்டில் ஒலிப் பள்ளங்களைச் செதுக்கிய, 180 கிராம் எடையுள்ள தட்டுகள் அவை. விரித்துப் பார்க்கும் மடிப்பு அட்டையின் உட்புறத்தில் பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த ஒலிப்பதிவுக்கூடப் புகைப்படங்கள் இருக்கும். இப்போது அவை அச்சில் இல்லை என்பதால், முதலில் விற்ற விலையைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். கேட்ட விலையைக் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதுதான் மோசடிக்காரர்களுக்கும் வசதியாகிவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன் அந்த விற்பனையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து நீண்ட நேரம் பேசினார். ப்ளூ நோட்டின் ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர் 1959 வரை நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஒலிப்பதிவு செய்ததையும், பிறகு இங்கிள்வுட் கிளிஃப்ஸுக்கு மாறியதையும், அந்த இரண்டு இடங்களின் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் விவரித்த விதத்தில் உண்மையான ரசனை தெரிந்தது. என்னிடம் இருப்பது டெனான் டி.எல். 103 கார்ட்ரிட்ஜ் (தட்டின் பள்ளத்தைப் படிக்கும் ஊசி பொருத்திய பாகம்) என்றதும், 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தரும் அதற்கு மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எப்படிப்பட்ட ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் பொருந்தும் என்று நான் கேட்காமலேயே யோசனை சொன்னார். “காசுக்காக விற்கவில்லை, சார். வீட்டில் இடமில்லை. உங்களைப்போல் கேட்கத் தெரிந்தவரிடம் போனால்தான் எனக்கு நிம்மதி” என்றார். இந்த இசையின் மேல் நமக்கு இருக்கும் பற்றையே தூண்டில் புழுவாக மாட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, பணம் போனதைவிட அதுதான் அதிகமாக எரிகிறது.

பெட்டி வந்தது. அட்டைகள் அசல்; அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் ஷ்ரிங்க் எனப்படும் இறுக்கமான பிளாஸ்டிக் உறையைப் பிரித்து முதல் தட்டை வெளியே எடுத்ததுமே அதன் லேபிளின் நீலம் வெளிறி, எழுத்துகளின் விளிம்பு மங்கித் தெரிந்தது. கெவின் கிரே வெட்டிய தட்டுகளில், பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் இருக்கும் வெற்று வளையத்தில், அதாவது டெட் வாக்ஸில், அவர் பெயரையும் அவருடைய ஒலிக்கூடத்தையும் குறிக்கும் ‘கே.பி.ஜி. @ சி.ஏ.’ என்ற கையெழுத்துக் கீறல் இருக்கும். என் தட்டுகளில் இயந்திரம் பொறித்த எண் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. சமையலறைத் தராசில் வைத்தேன். 180 கிராம் என்று அட்டையில் அச்சிட்டிருக்க, ஒன்றுகூட 145 கிராமைத் தாண்டவில்லை. இதே பதிப்புகளை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய தட்டுகளைக் கொண்டுவந்து அருகருகே ஓடவிட்டார். அவருடைய தட்டில் சிம்பல் என்னும் தாளத் தகட்டின் ஒலி எழுந்து மெல்லத் தேய்ந்து அடங்கியது. என்னுடையதில் அது தகரத்தைத் தட்டியதுபோல் கேட்டது. அசல் அட்டைக்குள் போலித் தட்டைச் செருகி, புதிதாக ஷ்ரிங்க் உறை சுற்றி விற்றிருக்கிறார்கள்.

அதன் பிறகு அந்த மனிதரின் குரலே மாறிவிட்டது. “ஒவ்வொரு அச்சுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்” என்றார். பிறகு என் ஊசியின் அழுத்தம் சரியில்லை என்றார். ஒப்பீட்டுப் படங்களை அனுப்பியதும், சீல் பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார். சீலைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது போலி என்று எப்படித் தெரியும்? பிரித்தால் திரும்பப் பெறமாட்டார்கள் என்றால் யார்தான் எப்போதுதான் புகார் சொல்ல முடியும்? இதைத் தளத்தாரிடம் கேட்டேன். பொருளைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டதுமே 1,28,000 ரூபாயும் விற்பனையாளருக்குப் போய்விட்டதாம், இனி இது இரு தரப்புக்கும் இடையிலான தகராறாம். சரிபார்த்ததாக முத்திரை குத்தியது யார் என்ற கேள்விக்கு, ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகுதான் புகார் எண்ணே கொடுத்தார்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போது இவ்வளவுதான் முடிகிறது. இந்த விலையில் சீல் பிரிக்காத தட்டை வாங்காதீர்கள். பிரித்த தட்டையே, இரு பக்கங்களின் டெட் வாக்ஸையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, தெரிந்தவர்களிடம் உள்ள பிரதியோடு ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள். பெட்டியைத் திறப்பது முதல் தட்டைத் தராசில் வைப்பது வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். என்னிடம் அது இருந்ததால்தான் புகாருக்கு ஆதாரம் கிடைத்தது. பேச்சைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளாமல் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழையுங்கள். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். என்னுடைய 1,28,000 ரூபாய்க்கான மனுவில் விற்பனையாளரோடு தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருக்கிறேன். இதே நபரிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் செலுத்திய ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.