பழைய அணைக்கட்டைச் செப்பனிடுவதா, மாற்றுவதா? ஓர் ஆய்வறிக்கைச் சேவையைப் பற்றிய மதிப்புரை

ஆற்று நீரை வாய்க்காலுக்குத் திருப்பும் எங்கள் பழைய அணைக்கட்டை என்ன செய்வது என்று தீர்மானிக்க, பாசனச் சங்கத்தின் சார்பில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். களத்தில் அவர்களுடன் நடந்தவன், அறிக்கையின் முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் நன்றாகச் செய்ததைச் சொல்ல வேண்டும். முகட்டில் விழுந்த விரிசலும் துருவேறிய ஷட்டர்களுமே நோய் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவர்களோ அணைக்கட்டுக்குக் கீழ்ப்புறம் தளம் முடியும் இடத்தில் கசிந்து வந்த நீர் கலங்கலாக இருப்பதைக் கண்டு, அடித்தளத்து மணல் நீரோடு வெளியேறுகிறதா என்று ஆராய்ந்தார்கள். ஊடுருவும் மண்ணின் மீது கட்டப்படும் அணைக்கட்டுகளில், அடியில் கசியும் நீர் கீழ்ப்புறத்தில் வெளிவரும் இடத்து அழுத்தச் சரிவே, அதாவது அங்கே நீரழுத்தம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதே, ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்று பொறியாளர் ஏ. என். கோஸ்லா 1936-இல் விளக்கிய முறைப்படி கணக்கிட்டதோடு நிற்காமல், மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானிக் குழாய்களை இறக்கி அளந்தும் பார்த்தார்கள். 1836-இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது ஒன்பது மதகுகள் சரிந்ததை அறிந்தவர்களுக்கு இந்த அக்கறையின் மதிப்பு புரியும்.

செப்பனிடும் வழியைப் பற்றிய அத்தியாயமும் தெளிவானது. சிமென்ட் குழம்பைச் செலுத்தினால் தளத்துக்கு அடியிலுள்ள வெற்றிடம் நிரம்பும், ஆனால் மணலுக்குள் ஓடும் கசிவு நிற்காது. அதற்குக் கீழ்ப்புற விளிம்பில் எஃகுத் தகட்டு முளைகளை ஆழமாக இறக்கி, அதையடுத்து மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் சல்லி வடிகட்டியின் மீது கற்பாளங்களை அடுக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

மாற்றுக் கட்டுமானங்களுக்கு வந்ததும் அறிக்கை விற்பனைக் கையேடாகிவிடுகிறது. காற்றடைத்த ரப்பர் அணை வெள்ளத்தின்போது தரையோடு படிந்து மணலையும் மரங்களையும் கடத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் டெம்பி நகர ஏரியில் 1999 முதல் இயங்கிய ரப்பர் அணையின் ஒரு பகுதி 2010 ஜூலையில் வெடித்து ஏரி வெறுமையானதையும், பின்னர் அங்கே எஃகு மதகுகள் வைக்கப்பட்டதையும் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காற்றுப்பையை எஃகுத் தகடு மறைத்து நிற்கும் மதகுக்கு அரைப் பக்கம்தான். படிப்படியாகக் கற்களை அடுக்கி மீன்கள் ஏறிச் செல்லவும் வழிவிடும் சரிவணைக்கு ஒரே ஒரு பத்தி. கோடையில் கல்லிடுக்கு வழியே நீர் நழுவிவிடும் என்ற அவர்களின் ஆட்சேபம் சரியானதே. எனினும் சிறுமண்ணால் இடுக்குகளை அடைக்கும் முறையையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயினும், என்னை மிகவும் உறுத்தியது மணல்தான். ஆண்டுதோறும் வாய்க்காலில் தூர் வாரியே சங்கத்தின் வருமானம் கரைகிறது. ஆறு வளையுமிடத்தில் அடிநீரோட்டம் மணலை உள்வளைவுக் கரைக்கு இழுத்து வரும், அதனால் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு நீரை எடுக்கும் தலைமதகு வெளிவளைவில் இருப்பதே நல்லது. எங்களுடையது உள்வளைவில் இருக்கிறது. முதல் வரைவில் எல்லா மாற்றுவழிகளும் தலைமதகை அதே இடத்தில் வைத்தே வரையப்பட்டிருந்தன. பழைய தவற்றின் மேல் புது இரும்பைப் பொருத்துவதற்கு ஆலோசகர் எதற்கு? நாங்கள் எழுத்தில் கேட்ட பிறகே, மதகை மேற்புறத்துக்கு நகர்த்தி, அதன் வாசற்படியை படிந்த மணலை ஆற்றோடு வெளியேற்றும் மணற்போக்கியின் வாசற்படியைவிட உயர்த்தும் வழி சேர்க்கப்பட்டது. ஒப்பீட்டு அட்டவணையிலும் தொடக்கத்தில் கட்டுமானச் செலவு மட்டுமே இருந்தது; காற்றழுத்த இயந்திரம், மின்சாரம், நள்ளிரவில் வெள்ளம் வந்தால் மதகை இயக்க ஆள் ஆகியவை இரண்டாம் வரைவில்தான் இடம்பெற்றன.

கள ஆய்வுக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாற்றுவழிகளை ஒப்பிடும் பணிக்கு, நிபந்தனைகளோடுதான். தலைமதகின் இடமாற்றம், மணல் அளவீடு, ஆயுட்காலப் பராமரிப்புச் செலவு, கட்டும் காலத்தில் பயிருக்கு நீர் தரும் ஏற்பாடு ஆகிய நான்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நான்காவது எங்கள் அறிக்கையில் இன்னும் இல்லை. அடுத்த வெள்ளத்துக்கு முன் தகட்டு முளைகளை மட்டும் இறக்குவது என்று முடிவுசெய்து, மற்றவற்றை மூன்றாம் வரைவு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.