முகப்பில் ‘டிக்’, உள்ளே வெறும் ஆர்க் மெஷின்: மெல்லிய தகட்டு வேலைக்கு வெல்டிங் மெஷின் வாங்குவோர் கவனத்துக்கு

ஒரு மில்லிமீட்டர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் ஆர்கான் வெல்டிங் (டிக்: உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரிய, ஆர்கான் கேஸ் காற்றைத் தடுக்கும் முறை) பண்ண மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கடையில் எங்கள் பட்டறைக்கு வாங்கிய மெஷினை வைத்து எழுதுகிறோம். கடைப் பெயர் போடவில்லை. இது ஒரு கடையோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. இதே சரக்கு ஆன்லைனிலும் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கேட்டது ஹோட்டல் கிச்சன் வேலைக்கான மெஷின். 304 ரக எஸ்.எஸ். தகடு, 18 கேஜும் 20 கேஜும். அதாவது 1.2 மி.மீ., 0.9 மி.மீ. சிங்க் மூலை, டேபிள் மடிப்பு, எக்ஸாஸ்ட் ஹுட் மாதிரி வேலைகள். கொடுத்தது, முகப்பில் ‘டிக் / எம்எம்ஏ 200’ (எம்எம்ஏ என்பது ராடு வைத்து அடிக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங்) என்று போட்ட சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மெஷின். “அரை எம்எம் வரைக்கும் தாராளமா அடிக்கலாங்க, பெடல் அப்புறமா வேணும்னா மாட்டிக்கலாம், அலுமினியமும் போகும்” என்று மூன்று வாக்குறுதி. (பெடல் என்றால் காலால் மிதித்துக் கரண்டைக் கூட்டிக் குறைப்பது.) டெமோ காட்டியது மட்டும் 3 மி.மீ. இரும்புப் பட்டையில். மூன்று எம்எம்மில் எந்த மெஷினும் அழகாகத்தான் அடிக்கும்.

20 கேஜ் தகட்டில் வைத்ததும் ஓட்டை. டேக் (தகடுகளைப் பிடித்துவைக்கும் சிறு பொட்டு) அடிக்கும் இடத்திலேயே ஓட்டை, விளிம்புக்கு வந்தால் இன்னும் பெரிய ஓட்டை. போன் போட்டால் ஒரே பதில்: “மெஷின்ல ஒண்ணுமில்லைங்க, கை பழகோணுங்க.” சர்வீஸுக்கு வந்த ஆள் 2 மி.மீ. துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். போகிற போக்கில் “தகடு 202-ஆ இருக்கும், அதான்” என்றார். 202 என்ற மலிவு ரகத்தை 304 என்று விற்கிற ஏமாற்று வேறு கதை. ஓட்டை விழுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தகட்டின் கனம் சந்தேகமாக இருந்தால் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். 20 கேஜ் என்று வாங்கியது 0.8 இருப்பதும் உண்டு. எங்களுடையது சரியாக 0.9 இருந்தது.

விஷயம் வெளியே வந்தது டிசி கிளாம்ப் மீட்டரை (கேபிளைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) எர்த் கேபிளில் மாட்டிய பிறகுதான். டிஸ்ப்ளேயில் 30 ஆம்பியர். ஆர்க் எரியும்போது மீட்டர் 55-க்கும் 60-க்கும் நடுவே ஆடியது. பற்றவைக்கிற நொடியில் அதற்கும் மேலே ஒரு குதி. ஸ்விட்சை டிக் பக்கம் தள்ளினாலும் எம்எம்ஏ பக்கம் தள்ளினாலும் அதே கதை. மாறியது விளக்கு மட்டும்.

ஏன் அப்படி? ராடு வைத்து அடிக்கும் ஆர்க் மெஷினில் இரண்டு வசதி இருக்கும். ஒன்று ஹாட் ஸ்டார்ட்: ராடு ஒட்டிக்கொள்ளாமல் பற்றுவதற்காக, தொட்ட நொடியில் செட் பண்ணியதைவிட அதிக கரண்டை அனுப்பும். இன்னொன்று ஆர்க் போர்ஸ்: ராடு தகட்டுக்கு ரொம்ப நெருங்கி வோல்டேஜ் இறங்கினால், ஒட்டப் போகிறது என்று நினைத்துக் கரண்டைக் கூட்டும். ராடு ஆர்க் 20 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஆர்கானில் டங்ஸ்டன் ஆர்க் ஓடுவதோ 10 வோல்ட் சுமாருக்கு. அதனால் அந்த மெஷின் கண்ணுக்கு டங்ஸ்டன் எப்போதுமே ஒட்டப் போகிற ராடுதான். விடாமல் கரண்டைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆர்க்கை நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கிட்டத்தில் பிடிக்கிறீர்களோ, அவ்வளவு அதிகம் தள்ளும். நல்ல கைக்குத்தான் இதில் ஓட்டை அதிகம் விழும். உண்மையான டிக் மோடில் இந்த இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். மெஷினைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கேஸ் ஹோஸ் மாட்டும் நிப்பிள் இல்லையென்றால் உள்ளே கேஸ் வால்வு கிடையாது. ரெகுலேட்டரிலிருந்து ஹோஸ் நேராக, டங்ஸ்டனைப் பிடிக்கும் டார்ச்சுக்குப் போகும், டார்ச் கைப்பிடியில் திருகும் வால்வு இருக்கும். ப்ரீ ப்ளோ, போஸ்ட் ப்ளோ (ஆர்க்குக்கு முன்னும் பின்னும் கேஸ் ஓடுவது) எதுவும் தானாக நடக்காது. முன்பக்கம் டார்ச் ஸ்விட்சுக்கான சிறிய பின் சாக்கெட் இல்லையென்றால் ‘பெடல் அப்புறமா மாட்டிக்கலாம்’ என்பது பச்சைப் பொய். மாட்ட இடமே இல்லை.

அடுத்தது ரேட்டிங் பிளேட், அதாவது மெஷினின் விவரங்களை அச்சிட்ட தகடு. இதை யாரும் படிப்பதில்லை, விற்கிறவருக்கும் அதுதான் வசதி. ஐஇசி 60974 என்ற சர்வதேச வெல்டிங் மெஷின் தரப்படி ஆர்க் ராடுக்கான லோடு வோல்டேஜ் 20 உடன் ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்டினால் வரும். டிக்குக்கு 20-க்குப் பதில் 10. ஆக, 200 ஆம்பியருக்கு எதிரே 28 வோல்ட் போட்டிருந்தால் அது ராடு மெஷினின் வரி, 18 வோல்ட் போட்டிருந்தால் டிக் வரி. இரண்டும் செய்யும் மெஷினில் இரண்டு வரியும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். எங்கள் மெஷினில் இருந்தது ‘20ஏ/20.8வி – 200ஏ/28வி’ என்ற ஒரே வரி. முகப்பு ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் தயாரித்தவரே ஒப்புக்கொண்ட சங்கதி அந்த பிளேட்டில் இருக்கிறது. அலுமினியம் பற்றியும் அங்கேயே பார்க்கலாம். அவுட்புட்டில் அலைக்குறி இருந்தால்தான் ஏசி. ஒரு கோடும் அதன் கீழே விட்டுவிட்டு வரும் கோடும் மட்டும் இருந்தால் டிசி மட்டும், அலுமினியத்தின் ஆக்சைடு தோலை அது உடைக்காது.

தகட்டு வேலைக்கு 200, 250 என்ற பெரிய எண்ணில் மயங்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது கீழ் எல்லை: 5 ஆம்பியரா, 10-ஆ, அந்த இடத்தில் ஆர்க் அலையாமல் நிற்கிறதா என்பது. கையோடு 1 மி.மீ. வெட்டுத் துண்டு நாலைந்து, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று எடுத்துப் போங்கள். ஏசி மட்டும் அளக்கும் மீட்டர் இதற்கு உதவாது. 20 ஆம்பியரில் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பத்து நொடி அசையாமல் எரிய வேண்டும், மீட்டர் ஓரிரு ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். இதற்குத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

கேஸ் விஷயத்திலும் ஒரு அடி வாங்கினோம். ஆர்கான் என்று வந்த சிலிண்டரில் இருந்தது மிக்/மேக் (கம்பி தானாக ஓடி வரும் வெல்டிங்) வேலைக்கான கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ். டங்ஸ்டன் முனை சில நொடியிலேயே கருத்து, பொரிந்து, பருத்துவிடும். உருகிய உலோகக் குட்டையின் மேல் சாம்பல் நிறத் தோல் படியும். சோதனை எளிது. கிரைண்டர் போட்டு, அசிட்டோன் தொட்டுத் துடைத்த எஸ்.எஸ். துண்டில் பில்லர் (சேர்த்து உருக்கும் கம்பி) இல்லாமல் ஐந்து நொடி ஒரே இடத்தில் ஆர்க் பிடித்து, அணைத்த பிறகும் கேஸை எட்டு நொடி விடுங்கள். பொட்டு பளபளவென்று இருந்து, டங்ஸ்டன் வெள்ளி நிறத்தில் இருந்தால் கேஸ் சரி. நீலமோ கறுப்போ ஓடியிருந்தால், முதலில் சோப்புத் தண்ணீர் வைத்து ஹோஸ் ஜாயிண்ட், டார்ச் பின்மூடியின் ஓ-ரிங் இரண்டையும் பாருங்கள். லீக் இல்லையென்றால் சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். கேட்க வேண்டியது 99.99 சதவீதத்துக்குக் குறையாத ஆர்கான். சிலிண்டரோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. லிட்டர் கணக்குக் காட்டும் ப்ளோ மீட்டர் உள்ளதுதான் வேண்டும். டார்ச் முனையில் மாட்டும் 6 எண் கப்புக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். 15-க்குத் திருகினால் கேஸ் சுழன்று காற்றை உள்ளே இழுக்கும், காசும் போகும்.

சரியான மெஷின் கையில் இருந்தால் 1 மி.மீ. 304-க்கு 30 முதல் 35 ஆம்பியர் என்று தொடங்குங்கள். இரும்புத் தகட்டுக்கு மில்லிமீட்டருக்கு 40 என்ற கணக்கில் எஸ்.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவது இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், விரிவதோ ஒன்றரை மடங்கு. அடித்த இடத்திலேயே சூடு தேங்கி நிற்பதால்தான் முதல் இரண்டு அங்குலம் நன்றாகப் போய், மூன்றாவதில் திடீரென்று விழுகிறது. பல்ஸ் (கரண்ட் மாறி மாறி ஏறி இறங்கும் வசதி) இருந்தால் மேல் 60, கீழ் 15, மேலே இருக்கும் நேரம் 35 சதவீதம், நொடிக்கு ஒன்றிரண்டு துடிப்பு. சராசரி 31 ஆம்பியர் சுமார் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சொட்டு, அடுத்த துடிப்புக்குள் குட்டை உறைந்துவிடும்.

டங்ஸ்டன் 1.0 அல்லது 1.6 மி.மீ., வண்ணக் குறி சாம்பல் நிறம் அல்லது தங்க நிறம். மெஷினோடு ஓசியில் தரும் 2.4 மி.மீ. சிவப்பு இந்த வேலைக்கு ஆகாது. 30 ஆம்பியரில் அதன் முனை சூடேறாமல் ஆர்க் சுற்றிச் சுற்றி அலையும். சிவப்பில் தோரியம் இருப்பதால் அரைக்கும் தூளும் கெடுதல். முனையை நீளவாக்கில் அரையுங்கள், கூர் நீளம் விட்டத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. குறுக்கே அரைத்தால் வரிகளில் ஆர்க் ஓரமாக ஓடும். பில்லர் 308எல், 1.0 அல்லது 1.2 மி.மீ. பலர் 1.6 ராடு வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். தகட்டைவிட ரொம்பக் கனமான ராடை உருக்கக் கரண்டைக் கூட்ட வேண்டியிருக்கும், அதற்குள் தகடு போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரியது பொருத்தம். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து விளக்குக்கு நேரே காட்டுங்கள். நடுவே வெளிச்சம் தெரிந்தால் அடிக்க வேண்டாம், திரும்ப வெட்டுங்கள். இடைவெளியில் ஆர்க் பட்டதும் இரண்டு விளிம்பும் தனித்தனியாகப் பின்வாங்கும், அதுதான் ஓட்டையின் தொடக்கம். 20, 25 மி.மீ.க்கு ஒரு டேக், ஒரு முனை அடித்தால் அடுத்து எதிர்முனை, பிறகு நடு. அடியில் 6 மி.மீ. செம்புப் பட்டையை இறுக்கிப் பிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை ஓடிவிடும். செம்பு சூட்டை உறிஞ்சும், எஸ்.எஸ். அதில் ஒட்டாது. பட்டையில் ஒரு காடி வெட்டி அதன் வழியே கொஞ்சம் ஆர்கான் விட்டால் பின்பக்கம் சர்க்கரை மாதிரிக் கறுத்துப் பொரியாது. சிங்க் வேலையில் இதை விட்டால், அந்தச் சொரசொரப்பில் அழுக்குத் தங்கித் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஆர்க் நீளம் 1 முதல் 1.5 மி.மீ. பயந்துபோய் டார்ச்சைத் தூக்கினால் வோல்டேஜ் ஏறி, குட்டை அகன்று, சூடு கூடும். ஓட்டை விழப்போகிறது என்றால் தூக்காதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது பில்லரைத் தொடுங்கள், குளிர்ந்த ராடு கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். விளிம்பு வர 10 மி.மீ. இருக்கும்போதே நிறுத்தி, எதிர் முனையிலிருந்து உள்நோக்கி வந்து சேருங்கள். முடிவில் டவுன் ஸ்லோப் (கரண்ட் மெல்ல இறங்குவது) இரண்டு மூன்று நொடி, போஸ்ட் ப்ளோ ஐந்துக்குக் குறையாமல். வெல்டிங் தையல் வைக்கோல் நிறத்திலோ இளநீலத்திலோ வந்தால் சரி. அடர்ந்த சாம்பல் என்றால் சூடு அதிகம்.

ஏற்கெனவே இந்த மாதிரி மெஷினை வாங்கித் தொலைத்தவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. டார்ச் கேபிள் மைனஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராடுக்குப் போல பிளஸில் மாட்டினால் டங்ஸ்டன் உருகி உருண்டையாகிவிடும். ஹாட் ஸ்டார்ட், ஆர்க் போர்ஸ் குமிழ் வெளியே இருந்தால் இரண்டையும் சைபருக்குத் திருப்புங்கள். டிஸ்ப்ளேயை மறந்துவிட்டு, கிளாம்ப் மீட்டர் காட்டுவதை வைத்து 30, 35-க்குக் கொண்டுவாருங்கள். தகட்டில் உரசிப் பற்றவைக்காமல், பக்கத்தில் வைத்த செம்புத் துண்டில் பற்றவைத்து ஆர்க்கைத் தையலுக்கு நடத்திக் கொண்டுவாருங்கள், முடிக்கும்போதும் செம்பின் மேல் ஏற்றி அறுங்கள். அறுத்ததும் வால்வை மூடாமல் டார்ச்சைத் தையல் முடிந்த இடத்தின் மேல் எட்டு நொடி பிடியுங்கள். 18 கேஜ் வரை சமாளிக்கலாம். 20 கேஜில் செம்புப் பட்டை இல்லாமல் முடியாது.

புகார் பற்றி. சொந்தமாக உழைத்துப் பிழைப்புக்காக நடத்தும் சுயதொழில் என்றால், தொழிலுக்கு வாங்கிய மெஷினானாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர்தான். ‘கமர்ஷியல் பில், கோர்ட்ல கேஸ் நிக்காது’ என்று கடையில் சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரேட்டிங் பிளேட்டின் போட்டோ, முகப்பு ஸ்டிக்கரின் போட்டோ, டிஸ்ப்ளேயும் கிளாம்ப் மீட்டரும் ஒரே பிரேமில் தெரிகிற வீடியோ மூன்றையும் எடுத்து வையுங்கள். எங்கள் பில்லில் கடைக்காரர் எழுதிக் கொடுத்தது ‘வெல்டிங் மெஷின் – 1’ என்பது மட்டும். உங்கள் பில்லில் ‘டிசி டிக், எச்.எப். ஸ்டார்ட், குறைந்தபட்சம் 10 ஆம்பியர், பெடல் சாக்கெட்டுடன், 1 மி.மீ. எஸ்.எஸ். வேலைக்கு’ என்று எழுதச் சொல்லி, கடை சீல் வாங்குங்கள். (எச்.எப். ஸ்டார்ட் என்பது தகட்டைத் தொடாமலே ஆர்க் பற்றவைக்கும் வசதி.)