தூக்க எத்தனை ஆள் வேண்டும்? வீடு, வீட்டோடு ஆள், பராமரிப்பு இல்லம்: ஓர் ஒப்பீடு

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ‘நர்ஸிங் ஹோம்’ என்றால் பத்துப் பதினைந்து படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. நான் தேடியது, பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்த என் வீட்டுக்காரரை மாதக்கணக்கில் வைத்துக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் இடம். அதை ‘கேர் ஹோம்’ என்றோ ‘பராமரிப்பு மையம்’ என்றோ கேட்டால்தான் புரிகிறது. முதியோர் இல்லம் என்று போர்டு போட்ட இடங்களுக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே, “தானா பாத்ரூம் போவாரா?” இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

நாலு வருஷத்தில் மூன்று ஏற்பாட்டையும் பார்த்துவிட்டேன். நானே கவனித்தது இரண்டு வருஷத்துக்கு மேல். பிறகு வீட்டோடு ஆள். இப்போது ஒன்றரை மாதமாக இல்லம். சொந்தக்காரர்கள் இதைப் பாசக் கணக்காகப் பேசுகிறார்கள், பிள்ளைகள் பணக் கணக்காகப் பேசுகிறார்கள். நான் பார்க்கும் கணக்கு வேறு: கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற ஒரு ஆள் போதுமா, இரண்டு ஆள் வேண்டுமா?

ஒரு ஆள் போதும் என்ற காலத்தில் வீட்டை மிஞ்ச எதுவும் இல்லை. பிசியோ சொல்லிக்கொடுத்தது இன்னும் கைக்கு மறக்கவில்லை. நாற்காலியை அவருடைய பலமான பக்கம் போடணும். பலமில்லாத முழங்காலுக்கு என் முழங்காலால் முட்டுக்கொடுத்து, இடுப்பு பெல்ட்டைப் பிடித்து ஒரே திருப்பு. கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக்கூடாது, விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இடது மூளையில் அடைப்பு என்பதால் பேச்சும் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் “சரி சரி” ஒன்றுதான். தண்ணீர் கேட்கிற ‘சரி’யும் ஃபேனை நிறுத்தச் சொல்கிற ‘சரி’யும் எனக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். இதை எந்த இல்லத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அரசு உதவியும் வீட்டில் இருக்கும்போதுதான் வாசலுக்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோவும் நோய்த்தணிப்பு (வலியையும் வேதனையையும் குறைக்கும்) நர்ஸும் வீடு தேடி வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. டயபருக்குக்கூடக் காணாது, ஆனாலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி வைப்பது நல்லது.

இரண்டாவது தடவை ஸ்ட்ரோக் வந்து நல்ல காலும் ஊன்றாமல் போனதும் இந்தக் கணக்கு உடைந்தது. அவருக்கு 74 கிலோ, எனக்கு 61 வயசு.

வீட்டோடு ஆள் வைப்பதுதான் நடுவழி என்று எல்லாரும் சொன்னார்கள். ஏஜென்சிக்கு மாதம் 24 ஆயிரம், சாப்பாடும் படுக்கையும் நம்முடையது. பகலில் பெரிய நிம்மதி, மறுக்கமாட்டேன். ஆனால் ‘24 மணி நேர ஆள்’ என்பது பேச்சுக்குத்தான். அவரும் மனிதர், தூங்கத்தான் செய்வார். பெட்சோர் (படுக்கைப் புண்) வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டணும். ஏர்பெட் என்கிற காற்று மெத்தை போட்டாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. இராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்து எழுந்தது நான்தான். தீபாவளி, பொங்கலுக்கு ஆள் ஊருக்குப் போனால் திரும்புவது சந்தேகம்; எட்டு மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். ஒருத்தர், சொல்லச் சொல்லக் கேட்காமல், விழுந்த கையைப் பிடித்து இழுத்ததில் தோள்மூட்டு இறங்கி, என் வீட்டுக்காரர் மூன்று மாதம் வலியில் துடித்தார். எதுவானாலும் வந்தவர் ஒருவர், தேவை இரண்டு பேர். இரண்டாவது ஆள் நானாகவே இருந்தேன். ஆளைத் தூக்கி மாற்றும் மெஷின் வாங்கலாம் என்றான் பையன். எங்கள் பாத்ரூம் கதவு இரண்டேகால் அடி, வாசலில் ஒரு படி. மெஷினை எங்கே நுழைப்பது?

இல்லம் பார்க்கப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மறுவாழ்வு மையம் வேறு, பராமரிப்பு இல்லம் வேறு. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மையமோ, தென்காசி ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கமோ, பயிற்சி கொடுத்து வீட்டு வாழ்க்கைக்குத் தயார்படுத்தும் இடங்கள். ‘அங்கே சேர்த்துவிட்டால் காலத்துக்கும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று போனால் ஏமாற்றம்தான். தேறும் வாய்ப்பு இருக்கும் முதல் மாதங்களில் அந்தப் பயிற்சியைத் தேடிப் போகணும், நாங்கள் போகவில்லை. அது என் தனி வருத்தம்.

இல்லத்துக்கு மாதம் 38 ஆயிரம். டயபர், மருந்து, டாக்டர் தனி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் படுக்கையைப் பிடித்துவைக்கப் பாதி வாடகை உண்டு என்பதை டெபாசிட் கட்டின பிறகுதான் சொன்னார்கள். நீங்கள் முன்னாலேயே கேளுங்கள். மெடிக்ளைம் பைசா தராது, ஏனென்றால் இது சிகிச்சைக் கணக்கில் வராது. ஊனமுற்றவரைப் பராமரிக்கும் குடும்பத்தார் பழைய வருமானவரி முறையில் இருந்தால் 75,000 ரூபாய் கழிவு உண்டு. ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பென்ஷன் எடுப்பதில் சிக்கல் வந்தால், கையெழுத்துப் போட முடியாதவரின் கைரேகையையோ கால் விரல் ரேகையையோகூட இரண்டு சாட்சிகளோடு வங்கி ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரி. கவுன்டரில் தெரியாது என்பார்கள், மேனேஜரைப் பாருங்கள்.

நான் ஐந்து இடம் பார்த்தேன். பகல் பதினொன்றுக்குப் போனால் எல்லா இடமும் பினாயில் மணக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, சொல்லாமல் போய் நிற்கணும். இராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்டபோது ஒரு இடத்தில் மழுப்பினார்கள். இன்னொன்றில் கட்டில் கம்பியோடு ஒரு பாட்டியின் கையைத் துணியால் கட்டியிருந்தது. கேட்டதற்கு, சாப்பாடு செலுத்தும் மூக்குக் குழாயைப் பிடுங்குகிறாராம். வாயால் விழுங்க முடிகிறவருக்கும் வேலை மிச்சம் என்று குழாய் போடும் இடங்கள் உண்டு. நிமிர்த்தி உட்காரவைத்துப் பொறுமையாக ஊட்டினால் என் கணவர் புரையேறாமல் சாப்பிடுவார். அதை எழுதியே கொடுத்தேன்.

தேர்ந்தெடுத்த இடத்தில் சாப்பாடு சுமார். ‘தினமும் பிசியோ’ என்பது பத்து நிமிஷம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள், சக்கர நாற்காலியோடு உள்ளே போகும் குளியலறை இருக்கிறது. வீட்டில் ஏழு மாதம் ஈரத்துணியில் துடைத்தே காலம் தள்ளியவர், முதல் வாரமே தலையில் தண்ணீர் விழக் குளித்தார். வால் எலும்புப் பக்கம் பெட்சோர் தொடங்குவது போல இருந்த சிவப்பும் மறைந்துவிட்டது. தினமும் நான் போய் மதியச் சாப்பாட்டை ஊட்டுகிறேன். முதல் வேலையாகப் போர்வையை விலக்கிக் குதிகாலில் புண் வருகிறதா என்று பார்ப்பேன். அவர்களுக்கும் இப்போது பழகிவிட்டது.

நாத்தனார் போனில் கேட்டாள்: “அண்ணி, அண்ணனைக் கொண்டுபோய் விட்டுட்டீங்களாமே?” வந்து ஒரு இராத்திரி தங்கிப் பார்க்கச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

மூன்று மாதம் சோதனையாக என்றுதான் பேசியிருக்கிறோம். அதுவரை வாடகைக்கு எடுத்த ஃபவுலர் கட்டிலையும் (தலைப்பக்கம் உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில்) ஏர்பெட்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாதம் 3,500 வீணாகத்தான் போகிறது. பையன் கொடுத்துவிடலாம் என்கிறான். பொங்கல் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.